முதல் அடி வைத்தாலே குதிகால் வலிக்கிறது!

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன், வயது 46. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலி. கொஞ்சம் நடந்ததும் குறைகிறது, மதியம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம், ஊசி போடலாம் என்கிறார்கள். மாமியார் சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த எலும்பை மறந்துவிடுங்கள் அம்மா. குதிகாலில் எலும்பு நீட்டியிருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம். நீங்கள் சொல்வது அப்படியே குதிவாதம். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது, அது எலும்போடு சேரும் இடத்தில்தான் கோளாறு. இரவு முழுக்கச் சுருங்கிக் கிடப்பதை முதல் அடி திடீரென்று இழுப்பதால் வலிக்கிறது. மேடேறும்போது கெண்டைச்சதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் இழுபட்டு, அந்தப் பாரமும் இந்தச் சவ்வுக்கே வருகிறது. சரிவிலேயே நாள் முழுக்க நின்று பறிப்பவருக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை.

மருந்து என்றால் நான் முதலில் சொல்வது நீட்டல் பயிற்சிதான். கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே, வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள், உள்ளங்கால் விறைப்பது மறு கைக்குத் தெரியும். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை. மதியம் சாப்பிட்டு எழும் முன்பும், ராத்திரியும் இதையே செய்யுங்கள். அப்புறம் சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் 30 விநாடி முன்னால் சாயுங்கள். பலனுக்கு வாரங்கள் ஆகும், முழுக்கச் சரியாக மாதங்கள்கூட ஆகலாம், அதற்காக நடுவில் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ இல்லாமலே ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடுகிறது.

அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து போடுகிற ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே அடித்தளம் தட்டையாக இருக்கும், குதிகாலுக்கு மெத்தென்ற பேட் வாங்கி வையுங்கள், பாதம் உள்ளே வழுக்குகிற அளவு பெரிய பூட்ஸ் வேண்டாம். வீட்டு சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்; கம்பளி சாக்ஸ் குளிருக்குத்தான் ஆகும், குதிகாலைத் தாங்காது.

மாமியார் சொல்லும் சூடு இதமாக இருக்கும், நான் தடுக்கவில்லை. ஆனால் எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலே போதும். ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், திரும்பத் திரும்பப் போட்டால் அந்தச் சவ்வே அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் தேய்ந்துவிடும். ஆகவே அது கடைசியில் யோசிக்க வேண்டியது. படுத்திருக்கும்போதும் வலித்தால், வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போவதோ இருந்தால், சறுக்கி விழுந்தபின் காலே ஊன்ற முடியாவிட்டால் மட்டும் காத்திருக்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. பாதம் எரிகிறது என்கிறார், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. அவருக்கும் ஒத்தடம் கொடுக்கலாமா? (கூடலூரிலிருந்து)

பதில்: கூடவே கூடாது. இது வேறு விஷயம், நரம்பு உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும். குளிருக்கு அடுப்புப் பக்கம் கால் நீட்டி உட்காரவும் விடாதீர்கள். தினமும் ராத்திரி அவர் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, நீங்களே விளக்கடியில் பாருங்கள்; அட்டை கடித்த சின்னக் காயத்தையும் விடாதீர்கள். டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார், வருடம் ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும், உங்கள் அப்பாவுக்கு இந்த வாரமே. சர்க்கரை மாத்திரை வாங்க மலை இறங்குவது சிரமமென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.