பாகற்காயில் முள்ளைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் பென்சிலில் வரைந்து பழகுகிறேன். காய், பழம், பாத்திரம் எல்லாமே நேரில் பார்த்துத்தான். அவுட்லைன் சரியாக வருகிறது, ஆனால் படம் தட்டையாகவே கிடக்கிறது. போன வாரம் ஒரு பாகற்காய் வரைந்தேன், ஒரு முள்கூட விடவில்லை, அப்படியும் பாய் விரித்த மாதிரிதான் இருக்கிறது. எங்கே தப்பு?
- கும்பகோணம் வாசகி

பதில்: உங்கள் கையில் தப்பில்லை, வரிசைதான் மாறிவிட்டது. முள்ளைத் தாங்குகிற உடம்பு ஒன்று இருக்கிறதே, அதை நிழல் போட்டு உருட்டாமல் முள்ளைப் போட்டிருக்கிறீர்கள். பாகற்காயின் உடம்பு நடுவில் உப்பி இரண்டு முனையிலும் ஒடுங்குகிற உருளை, அவ்வளவுதான். ஓவியர் பால் செசான் 1904-ல் இளைய ஓவியர் எமீல் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளை, கோளம், கூம்பு என்று பார்க்கச் சொன்னதும் இதைத்தான்.

அதனால் பாகற்காயை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு முட்டையை எடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பி நிழலைக் கொன்றுவிடும். ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம், பக்கவாட்டில் விழ வேண்டும். இப்போது முட்டையை நிதானமாகப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுகிற இடம் வெள்ளை, அப்புறம் மெல்ல மங்குகிற இடம், அப்புறம் ஒரு கரும்பட்டை. இந்தக் கரும்பட்டை விளிம்பில் இருக்காது, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே இருக்கும். விளிம்பை ஒட்டி மேஜையிலிருந்து எதிரொளித்த மங்கலான வெளிச்சம் ஏறியிருக்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் முட்டைக்கு அடியில் ஒரு சிவப்புத் துணியை விரியுங்கள், முட்டையின் அடிவயிறு சிவந்து தெரியும். புதிதாக வரைகிறவர்கள் விளிம்பைத்தான் கருப்பாக்குகிறார்கள், வடிவம் அங்கேயே படுத்துவிடுகிறது.

முட்டை கையில் வந்ததும் பாகற்காய்க்குத் திரும்புங்கள். முதலில் முள்ளே இல்லாத பாகற்காயை அதே மாதிரி நிழல் போட்டு உருட்டுங்கள். முள் எங்கே போடுவது என்பதை வெளிச்சமே சொல்லும். ராத்திரியில் சுவரை ஒட்டி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், கொத்தனார் பூசிய தடமெல்லாம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். அதே டார்ச்சை நேராக அடித்தால் சுவர் வழவழப்பாகத் தெரியும். காயிலும் அப்படித்தான். நேர் வெளிச்சத்தில் முள் கரைந்துவிடும், கரும்பட்டைக்குள் மூழ்கிவிடும், இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் சாய்வாக உரசுகிற அந்தப் பகுதியில்தான் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக நிற்கும். அங்கே உழையுங்கள், மற்ற இடங்களில் நாலைந்து கோடு போதும். இன்னொன்று, விளிம்பை நெருங்க நெருங்க முட்கள் நெருங்கி ஒடுங்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மறுபடியும் பாய்தான்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-ல் வரைந்த இளம் முயலின் படத்தை இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். மூலப்படம் வியன்னாவில் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடியில் பழுப்பு வண்ணத்தை மெல்லிசாகப் பூசி உடம்பை உருவாக்கிவிட்டு, அதன் மேல்தான் ரோமத்தை இழை இழையாக ஏற்றியிருக்கிறார். உடம்பு திரும்புகிற பக்கமெல்லாம் ரோமமும் திரும்புகிறது. முயலின் கண்ணில் ஒரு ஜன்னல் பிரதிபலிப்பதுகூடத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் இது.

கேள்வி: எவர்சில்வர் டம்ளர் வரைந்தால் பளபளப்பே வரவில்லை. விரலால் தேய்த்துத் தேய்த்து அழுக்குச் சாம்பலாகிவிடுகிறது.
- திருநெல்வேலி வாசகர்

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள், பாதி சரியாகிவிடும். பளபளப்பு என்பது கருப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் மங்கலே இல்லாமல் முட்டிக்கொள்வது. டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மண் குவளையை வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருளை, ஒரே ஜன்னல் வெளிச்சம். மண்ணில் வெளிச்சம் நிதானமாக இருட்டுக்குள் இறங்கும், எவர்சில்வரில் ஜன்னலும் மேஜையும் உங்கள் சட்டையும் நீள நீளப் பட்டைகளாக, கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் அந்தப் பட்டைகள் இன்னும் தெளிவாகப் பிரியும். வெள்ளைப் பட்டைக்கு வெறும் காகிதத்தையே விட்டுவிடுங்கள், அதன் ஓரத்தில் பென்சிலை அழுத்தத் தயங்க வேண்டாம்.

கேள்வி: இதற்கெல்லாம் எத்தனை பென்சில் வாங்க வேண்டும்? செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரையலாமா?
- சேலம் வாசகி

பதில்: ஹெச்பி, அதைவிடக் கருப்பாக எழுதும் 2பி, இன்னும் கருப்பான 6பி மூன்றும் போதும். பெட்டியோடு வாங்கினால் பாதி சும்மாதான் கிடக்கும். செல்போன் படம் இப்போதைக்கு வேண்டாம், ஏனென்றால் இன்றைய செல்போன் கேமராக்கள் பல நிழலைத் தானாகவே வெளுக்கவைத்துவிடுகின்றன, நீங்கள் பழக வேண்டியதே அந்த நிழலைத்தான். வீட்டில் தக்காளி இருந்தால் அதையே ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், வெயில் நகர்ந்தால் நிழலும் நகர்ந்துவிடும்.