முகலாயப் பாணியில் பள்ளிவாசல்: குவிமாடத்துக்கு முன்னால் முற்றம்

கேள்வி: எங்கள் ஜமாஅத் 20 சென்ட் இடத்தில் புதுப் பள்ளிவாசல் கட்டப்போகிறது. ஜும்மாவுக்கு (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) 400 பேர் தொழ வேண்டும். முகலாயப் பாணியில் மூன்று பெரிய குவிமாடம், நான்கு மினாரா என்று வரைபடம் வந்திருக்கிறது. பட்ஜெட்டில் பாதி அதற்கே போய்விடும் போலிருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: வரைபடத்தில் முற்றம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1656-ல் ஷாஜஹான் கட்டி முடித்த டெல்லி ஜும்மா மசூதியில் சுமார் 25,000 பேர் தொழலாம் என்றால், அதில் பெரும்பகுதி திறந்த முற்றம்தான். கூரையுள்ள தொழுகைக் கூடம் மேற்கு ஓரத்தில் மட்டும் இருக்கிறது. 1673-ல் முடிந்த லாகூர் பாதுஷாஹி மசூதியும் இப்படித்தான். முற்றத்தில் நின்று பார்க்கத்தான் அந்த முகப்பையே அமைத்தார்கள். முற்றத்தை விட்டுவிட்டு எத்தனை குவிமாடம் வைத்தாலும் அந்தக் கம்பீரம் வராது.

உங்களுக்கும் அதுதான் சிக்கனம். ஒருவருக்கு 2 அடி அகலம், 4 அடி நீளம் என்றால் 400 பேருக்கு 3,200 சதுர அடி. ஐவேளைத் தொழுகைக்கு அத்தனை பேர் வருவதில்லை. எனவே உள்பள்ளியை 200 பேருக்கு மட்டும் கட்டுங்கள். மீதிப் பேர் முற்றத்திலும் அதைச் சுற்றி வரும் வளைவுத் தாழ்வாரத்திலும் தொழட்டும். ஜும்மா நேரம் உச்சி வெயில், ஆகவே தாழ்வாரத்தை அகலமாக வையுங்கள்.

அடுத்தது கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை. தமிழ்நாட்டில் அது நேர் மேற்கு அல்ல, சற்று வடக்கே சாய்ந்திருக்கும். வாசல், ஹவுது (ஒளு செய்யும் நீர்த்தொட்டி), நடு வளைவு, மிஹ்ராப் (கிப்லா பக்கச் சுவரில் உள்ள மாடம்) நான்கும் ஒரே கோட்டில் வருவதுதான் முகலாய அமைப்பின் உயிர். சாலையை வைத்து அஸ்திவாரம் போட்டுவிட்டால் அப்புறம் ஸஃபுகள் (தொழுகை வரிசைகள்) கோணலாகி, மூலைகள் வீணாகும்.

சரி, குவிமாடத்துக்கு வருவோம். நடுவில் ஒன்று போதும். டெல்லி ஹுமாயூன் கல்லறையில் இருப்பது இரட்டை ஓடு: வெளி ஓடு தூரத்துக்குத் தெரிய உயரமாகவும், உள் ஓடு கூடத்தின் அளவுக்குத் தாழ்வாகவும் இருக்கும். நீங்களும் வெளியே கான்கிரீட் குவிமாடமும் உள்ளே தாழ்ந்த கூரையும் வையுங்கள். ஒற்றை ஓடாக விட்டால் எதிரொலியில் குத்பா (ஜும்மா உரை) புரியாது. குவிமாடத்தின் அடிப்பகுதி எப்போதும் வெளிப்பக்கம் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்தும் ரிங் பீமில் (அடியைச் சுற்றி வரும் வளைய உத்திரம்) கம்பியைக் குறைக்க விடாதீர்கள். குவிமாடத்தின் கழுத்தும் தளமும் சேரும் இடத்தில்தான் மழைநீர் இறங்கும். வாட்டர்புரூஃபிங் செலவை அங்கே தாராளமாகச் செய்யுங்கள்.

மினாரா முன்பக்கம் இரண்டு போதும். டெல்லி ஜும்மா மசூதியிலேயே இரண்டுதான்.

சிவப்புக் கல்லும் பளிங்கும் கட்டாயமில்லை. கோலாலம்பூர் ஜாமிஉ பள்ளிவாசலில் (1909) செங்கல்லும் வெள்ளைச் சாந்துப் பட்டைகளுமே முகலாயச் சாயலைத் தருகின்றன. லாகூர் பஹ்ரியா டவுனில் கட்டடக் கலைஞர் நய்யர் அலி தாதா வடிவமைத்த பெரிய பள்ளிவாசலின் வெளிமுகப்பிலும் கையால் செய்த முல்தான் டைல்கள்தான். கல்லையும் பளிங்கையும் விடுவதில் மிச்சமாகும் பணம் தாழ்வாரத்துக்கு ஆகும்.

வரைபடத்துக்குச் சம்மதிக்கும் முன், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படமும் ரிங் பீம் கம்பி விவரமும் கேட்டு வாங்கி, வேறொரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.