“யாரைக் கேட்டுச் செய்தாய்?”

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டியில் ஒரு நோயாளிக்கு வியர்த்துக் கொட்டியது. சுகர் 58. நினைவு தெளிவாக இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். காலை ஷிப்டு மாறும் ஹேண்டோவரில், வார்டு பொறுப்பிலுள்ள இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும், “யாரைக் கேட்டுச் செய்தாய்?” என்று சத்தம் போட்டார். அதிலிருந்து எதற்குமே கை எழவில்லை. நான் செய்தது தவறா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தவறே இல்லை. சுகர் 70க்குக் கீழே இறங்கி, நோயாளியால் விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நரம்பு வழியே 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்ற வேண்டும். அதற்கு டாக்டரின் ஆர்டரோ, முன்பே எழுதிக் கையெழுத்தான ஸ்டாண்டிங் ஆர்டரோ தேவை. இந்த எல்லையை நீங்கள் தாண்டவில்லை.

அந்த ஒரு அதட்டலின் கெடுதல் உங்களோடு நிற்காது. கேட்டுக்கொண்டிருந்த மற்ற நர்ஸ்களும் இனி போன் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். டாக்டர் வேறு வார்டில் மாட்டிக்கொண்டால் சுகர் இறங்கிக்கொண்டே போகும். செய்ததை மறைத்து, ‘டாக்டருக்குத் தெரிவித்த பின்’ என்று கேஸ் ஷீட்டில் நேரத்தை மாற்றி எழுதும் பழக்கமும் இந்தப் பயத்தில்தான் பிறக்கிறது. எங்களுக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

இன்சார்ஜுக்கும் ஒரு பயம் இருக்கும்: பெரிய டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஹேண்டோவர் நேரத்தில் வேண்டாம்; மதியம் வார்டு அடங்கியதும் தனியாகப் பாருங்கள். எந்த அளவில் என்ன கொடுப்பது, எப்போது மறுபடி பார்ப்பது, யாரை அழைப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி, டாக்டரும் நர்சிங் சூப்பரிண்டெண்டும் கையெழுத்திட்டு நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டலாமா என்று கேளுங்கள். அந்தத் தாள் உங்களைப் போலவே அவரையும் காப்பாற்றும்.

கேள்வி: 30 படுக்கை வார்டுக்குப் புதிதாக இன்சார்ஜ் ஆகியிருக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகும் எல்லாவற்றுக்கும் போன் வருகிறது. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் சாவியைப் பாருங்கள். பொருள் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று ஸ்டாக் அலமாரியைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போகிற இன்சார்ஜ்கள் உண்டு. இரவில் ஒரு கதீட்டர் வேண்டுமென்றாலும் நர்ஸ் என்ன செய்வார்? ஷிப்டுக்கு ஷிப்டு எண்ணி, கையெழுத்து வாங்கிச் சாவியை ஒப்படையுங்கள்.

ரவுண்ட்ஸில் நோயாளியைப் பற்றி நீங்கள் சொல்லாதீர்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் சொல்லட்டும். ரோஸ்டரிலும் அடுத்தடுத்த நாட்களில் அதே படுக்கைகளைக் கொடுங்கள். நோயாளியை அறியாதவரால் முடிவெடுக்க முடியாது. “என்ன செய்யட்டும் சிஸ்டர்?” என்று போன் வந்தால், “என்ன பார்த்தாய், என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். முதல் சில வாரம் பொறுமை வேண்டும்.

‘நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார்’ என்றால் டாக்டர் வர மாட்டார். பிரிட்டனில் 2012இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட நியூஸ் (NEWS – National Early Warning Score) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் போன்றவை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் அவசரமாக அழைக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நெருக்கடி. கையில் எண் இருந்தால் புதிய நர்ஸும் தயங்காமல் கூப்பிடுவார்.

ஒரு எச்சரிக்கை: “நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, டாக்டர் திட்டும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். ரவுண்ட்ஸில் குரல் உயர்ந்தால், “எங்கள் வார்டு முறைப்படிதான் செய்தார், சார்” என்று அங்கேயே சொல்லுங்கள். நர்ஸ் செய்ததில் பிழை இருந்தால், அதைப் பிறகு தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள்.