ஒரு எச்.பி. மோட்டார் போட்டால் மின்கட்டணம் இரண்டு மடங்காகுமா?

கேள்வி: தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோட்டார் வைத்திருக்கிறோம். வாங்கிய புதிதில் 1,000 லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிறைந்தது. இப்போது 40 நிமிடம் ஆகிறது. ஒரு எச்.பி.க்கு மாறலாமா என்று கேட்டால், "அது கரண்டைக் குடிக்கும், பில் இரண்டு மடங்காகும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனோ, "தண்ணீரும் அதே, உயரமும் அதே, பில்லும் அதேதான்" என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: தண்ணீரைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது முழுக்கச் சரி. பில் விஷயத்தில் இருவருமே ஆளுக்கொன்றை விட்டுவிட்டார்கள்.

மகனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 லிட்டர் தண்ணீரின் நிறை 1,000 கிலோ. தரைத்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் கொட்டும் குழாய் வாய் வரை 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (மேல்தொட்டியின் அடி வரை அளக்கக் கூடாது. வாய் வரை ஏறிய பிறகுதானே அது உள்ளே விழுகிறது!) நிறை, புவியீர்ப்பு முடுக்கமான 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் 98,000 ஜூல். செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான். அரை எச்.பி. ஏற்றினாலும் ஐந்து எச்.பி. ஏற்றினாலும், ஆள் வைத்துக் குடம் குடமாகச் சுமந்தாலும் இந்த எண் மாறாது.

எச்.பி. சொல்வது அந்த வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதை. தன் நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்க ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அலகு அது. இன்றைய கணக்கில் 746 வாட், அதாவது நொடிக்கு 746 ஜூல். பில்லுக்காக மீட்டர் எண்ணுவதோ ஆற்றலை. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். எலக்ட்ரீஷியன் மறந்தது நேரத்தை: இரண்டு மடங்கு திறன் பாதி நேரம் ஓடினால் யூனிட் ஏறாது.

இப்போது 36 லட்சத்தை 98,000ஆல் வகுத்துப் பாருங்கள். இழப்பே இல்லாவிட்டால் ஒரு யூனிட்டில் 36 தொட்டிகளை நிரப்பிவிடலாம். உங்கள் மோட்டார் எத்தனை நிரப்புகிறது? அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் அரை எச்.பி. என்பது சுழலும் தண்டு தரும் திறன். மின்கம்பியிலிருந்து அது வாங்குவது இன்னும் கூடுதல். சுமார் 600 வாட் என்று கொண்டால் 40 நிமிடத்துக்கு 0.4 யூனிட். ஒரு யூனிட்டுக்கு இரண்டரைத் தொட்டிதான்! உங்கள் மகன் விட்டுவிட்டது இந்த இழப்பை.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 10 லிட்டர் வாளியை 10 மீட்டர் ஆழத்திலிருந்து 15 நொடியில் இழுத்தால், இழுக்கும் நேரத்தில் தண்ணீருக்குப் போகும் திறன் 65 வாட். உங்கள் மோட்டார் 98,000 ஜூல் வேலையை 2,400 நொடியில் செய்கிறது. 41 வாட்! கயிறு பிடித்த கைக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கு வாங்காது என்பது வேறு விஷயம்.

மீதி 559 வாட் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவின்மை விதிப்படி அது எங்கும் தொலைந்திருக்க முடியாது. மோட்டார் சுருளிலும், பம்புக்குள் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்) தண்ணீரைக் கலக்கும் கலக்கலிலும், குழாய்ச் சுவரின் உராய்விலும் வெப்பமாகிவிட்டது. கீழே இறங்கும் எடைக்கற்களால் துடுப்புகளைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கி, அது சூடாவதை இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1840களில் அளந்து காட்டினார். ஜூல் என்ற அலகு அவர் பெயரில்தான். அந்தச் சோதனையைத்தான் உங்கள் பம்பு தினமும் செய்கிறது. தொட்டித் தண்ணீரைத் தொட்டால் இது தெரியாது. ஒரு லிட்டரை 10 மீட்டர் ஏற்ற 98 ஜூல் போதும், அதே லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். அந்த 0.4 யூனிட் முழுவதும் தண்ணீருக்கே போனாலும் மூன்றில் ஒரு டிகிரிதான் ஏறும். (15 லிட்டர் குளியல் தண்ணீரை 15 டிகிரி சூடாக்கவே கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். பில்தான் கவலை என்றால் மோட்டாரைவிட கீசரைக் கவனியுங்கள்.)

அதே வகை ஒரு எச்.பி. மோட்டார் சுமார் 1,150 வாட் வாங்கும். 20 நிமிடத்தில் நிரப்பினால் 0.38 யூனிட், பில் ஏறாது. ஆனால் இருக்கிற குழாயிலேயே அதைப் பொருத்தினால் 20 நிமிடத்தில் நிரப்பாது. குழாயில் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், ஒவ்வொரு லிட்டருக்கும் உராய்வில் போகும் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 28 நிமிடம் பிடித்தால் 0.54 யூனிட். உங்கள் எலக்ட்ரீஷியன் பல வீடுகளில் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன காரணம் தவறு, கண்டது பொய்யல்ல.

நான் இன்று புது மோட்டார் வாங்கச் சொல்ல மாட்டேன். 25 நிமிடம் 40 ஆனதுதான் எனக்கு உறுத்துகிறது. உயரம் கூடவில்லை, தொட்டி பெரிதாகவில்லை. ஆகவே வீணாவதுதான் கூடியிருக்கிறது. மாடிக்குப் போய்க் குழாய் வாயைப் பாருங்கள். தண்ணீர் குமிழி விட்டு, விட்டுவிட்டுத் துப்பினால் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று நுழைகிறது. சீராக, ஆனால் மெல்லியதாக வந்தால் ஃபுட் வால்வின் (உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு) சல்லடை அடைத்திருக்கலாம், குழாயில் உப்புப் படிந்திருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். மோட்டார் இழுத்து இழுத்து ஓடினால் கெப்பாசிட்டரையும் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் ஒரு சோதனை செய்யுங்கள். இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3,200 என்றால், நிமிடத்துக்கு 32 சிமிட்டல் 600 வாட். தொட்டி நிறையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் யூனிட் கணக்கு கையில் வந்துவிடும். அந்த வேலையை மகனிடமே கொடுங்கள்.

பழைய 25 நிமிடம் திரும்பினால் தொட்டிக்கு 0.25 யூனிட்தான். தினம் ஒரு தொட்டி என்றால் இரண்டு மாத பில்லில் ஒன்பது யூனிட் குறையும். பெரிய பணமில்லை, ஆனால் புது மோட்டார் செலவு மிச்சம். அதற்குப் பிறகும் நேரம் போதவில்லை என்று ஒரு எச்.பி. வாங்கினால், முக்கால் அங்குலக் குழாயை முதலில் ஒரு அங்குலமாக மாற்றுங்கள். ஒரே அளவு நீரோட்டத்துக்கு உராய்வு கால் பங்காகக் குறையும். எல்போக்களையும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்புகள்) முடிந்தவரை குறையுங்கள். ஓடும்போதே ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும் மோட்டார் அது. விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் ஸ்விட்சில் மாட்டிவிடாதீர்கள்.