லெஸ்லி ஸ்டீபனா, சிட்னி லீயா?

பிரிட்டிஷ் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு நூலகப் பட்டியல் ஒரு தொகுதியில் ஒருவரையும் இன்னொன்றில் வேறொருவரையும் பதிப்பாசிரியராகக் காட்டுகிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பெயருமே சரிதான். நீங்கள் பார்த்த 10ஆம் தொகுதியில் பதிப்பாசிரியர் லெஸ்லி ஸ்டீபன், 40ஆம் தொகுதியில் சிட்னி லீ. நூலகப் பட்டியலில் பிழை இல்லை.

காரணம், பாதியில் ஆள் மாறியதுதான். 1882இல் கார்ன்ஹில் இதழின் ஆசிரியர் பொறுப்பை விட்டு ஸ்டீபன் இந்த வேலைக்கு வந்தார். 1885இல் தொடங்கி முதல் 21 தொகுதிகள் அவர் பெயரில் மட்டும் வந்தன. 22 முதல் 26 வரை இருவர் பெயரும் உண்டு. உடல்நிலை கெட்டு 1891இல் அவர் விலக, 27 முதல் 63 வரை லீ முடித்தார். ஸ்டீபனின் உடம்பை உருக்கிய வேலை இது. நீங்கள் எழுதும் கட்டுரையில் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அகராதியில் ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் உள்ள முதலெழுத்துகளைப் பாருங்கள். எல். எஸ். என்றிருந்தால் ஸ்டீபனே எழுதியது. விலகிய பிறகும் அவர் எழுதினார், அதனால் லீயின் தொகுதிகளிலும் அது கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: 1908–09இல் எல்லாவற்றையும் 22 தொகுதிகளுக்குள் அடக்கி மறுபடி அச்சிட்டார்கள். கையில் இருப்பது அதுவென்றால் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. அச்சிட்ட ஆண்டை முதலில் பாருங்கள்.