தூத்துக்குடியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். பனிமய மாதா கோயில், கடற்கரை, ஒரு மக்ரூன் பொட்டலம் என்று அரை நாளில் ஊர் முடிந்துவிட்டது. வ.உ.சி. கப்பல் விட்ட ஊர் என்கிறோம். அந்தக் கப்பலின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லையா, அல்லது மிச்சமே இல்லையா?

ச.மு., திருச்சி

அன்புள்ள ச.மு.,

கப்பலைத் தேடினால் கிடைக்காது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். அடுத்த வருஷமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன. போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிப் போகிறோம், குடையும் தருகிறோம் என்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே காலியா அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று. அப்புறம் சுவடு எங்கே இருக்கும்?

என்னைக் கேட்டால், கப்பலை விடப் பெரிய காரியம் கோரல் மில் என்ற பஞ்சாலையின் வேலைநிறுத்தம். கைதாவதற்குச் சில நாள் முன்னால் நடந்தது அது. வ.உ.சி. முன்நின்று நடத்தி, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வாங்கிக் கொடுத்தார். பாடப்புத்தகத்தில் கப்பல் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். 1936-இல் அவர் உயிர் பிரிந்ததும் இதே ஊரில்தான்.

அடுத்தவர் குரூஸ் பர்னாந்து. பல தடவை நகரசபைத் தலைவராக இருந்தவர். வெளியூர்க்காரர்களுக்குப் பெயரே தெரியாது. உள்ளூரில் சிலை இருக்கிறது, பிறந்தநாளுக்கு மாலை விழுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், கிணறு தோண்டினால் உவர். முத்தும் உப்பும் பருத்தியும் ஏற்றுமதி செய்த ஊர், குடிக்கிற தண்ணீருக்குத் தவித்தது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டு 1927-இல் தண்ணீர் கொண்டுவந்தார் அவர். கல்யாணப் பந்தியில் நீங்கள் குடித்தது பாட்டில் தண்ணீராகத்தான் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

மாதா கோயிலைப் பார்த்தேன் என்கிறீர்கள். சரி, அங்கே தங்கத்தேரைப் பற்றி விசாரித்தீர்களா? மாதா சுரூபம், அதாவது சிலை, 1555-இல் மணிலாவிலிருந்து வந்தது என்பார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள், மாதா வணக்கம் என்றாலே ஆகாது. அவர்கள் கையில் ஊர் இருந்தபோதே 1713-இல் இன்றைய கோயில் எழுந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தேர் முதலில் ஓடியது 1806-இல். கோபுரமாக எழும்பி நிற்கும் அமைப்பும் வடம் பிடித்து இழுப்பதும் அப்படியே நம் கோயில் தேர்தான். வடம் பிடிக்கிற கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. ஆனால் வருஷா வருஷம் ஓடாது.

பழைய துறைமுகத்தையும் விட்டுவிட்டீர்கள். பெரிய கப்பலெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. இங்கே தோணிகள் நிற்கும். மரத்தில் கட்டிய, வயிறு பெருத்த சரக்குத் தோணி. காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கும் மாலத்தீவு போய் வருகிறது. கப்பலோட்டிய ஊரின் சுவடு வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்த முறை ஆகஸ்ட் 5-ஐ ஒட்டிப் போங்கள், மாதா திருவிழா. ரூமை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.