டிரங்குப் பெட்டியில் கிடைத்த பிஜி நிலப் பத்திரம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குப் பிஜி போய்த் திரும்பியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 1869-ஆம் ஆண்டு ஆங்கிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. பிஜித் தலைவர் ஒருவர் வெள்ளைக்கார வியாபாரிக்கு 500 ஏக்கர் விற்றதாகவும், பின்பக்கத்தில் 1921-இல் அதைத் தாத்தாவுக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறது. 1923-இல்கூட இப்படிப்பட்ட நிலத்துக்கு நஷ்டஈடு கிடைத்ததாம். 2 லட்சம் கட்டினால் மீட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: நம்ப வேண்டாம். 2 லட்சம் மட்டுமல்ல, முன்பணம் என்று 2,000 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் பத்திரத்தை அவர் கையில் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் பத்திரம் போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையானதாகவே இருக்கலாம். சிக்கலே அங்கேதான்.

1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று விலை ஏறியது. பருத்தி போடலாம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வெள்ளையர்கள் பிஜிக்குக் கூட்டமாக வந்தார்கள். வாங்குகிறவரே ஆங்கிலத்தில் பத்திரம் எழுதுவார். தலைவர் கீழே ஒரு பெருக்கல் குறி போடுவார். விலை துப்பாக்கியாக, வெடிமருந்தாக, துணியாகப் போய்ச் சேரும். எல்லை 'இந்த மரத்திலிருந்து அந்த ஓடை வரை' என்றிருக்கும். நிலமோ 'மட்டங்கலி' என்ற குலக்குழுவுக்குப் பொது. குறி போட்டவருக்கு விற்க உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே நிலத்தை இரண்டு தலைவர்கள் இரண்டு பேருக்கு விற்றதும் உண்டு.

அங்கே நிலம் வாங்கியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். நுகுலாவ் என்ற குட்டித் தீவை 30 டாலருக்கு வாங்கினார் அமெரிக்க வணிகர் வில்லியம்ஸ். அந்நாட்டின் வணிகத் தூதரும் அவரே. 1849 ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் பீரங்கி வெடித்து அவர் வீடு தீப்பற்றியது. ஊரார் பொருள்களை எடுத்துப் போனார்கள். அவர் கேட்ட நஷ்டஈடு 5,001 டாலர் 38 சென்ட். தலைவர் தக்கோம்பாவ் மீது விழுந்த இந்தக் கடன், மற்றவர்களின் கோரிக்கைகளும் சேர்ந்து சில ஆண்டுகளில் சுமார் 45,000 டாலராக வீங்கியது. வசூலிக்கப் போர்க்கப்பல் வந்தது. கடைசியில் 1868-இல் மெல்போர்ன் கம்பெனி ஒன்று, கடனைத் தான் கட்டுவதாகச் சொல்லி 2 லட்சம் ஏக்கர் எழுதி வாங்கியது. அந்த மண்ணில் குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

1874 அக்டோபர் 10-ஆம் தேதி பிஜி பிரிட்டன் வசம் வந்தது. வெள்ளையர் நேர்மையாக வாங்கியதாக நிரூபித்தால்தான் நிலம் அவருக்கு என்று ஒப்பந்தமே சொன்னது. அதை விசாரிக்க நிலக்கோரிக்கை ஆணையம் அமைத்தார்கள். வெள்ளையர்கள் சுமார் எட்டரை லட்சம் ஏக்கர் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. தேறியவருக்கு, நிலம் அவருக்கே என்று அரசு புது மானியப் பத்திரம் கொடுத்தது. உங்கள் 1869 தாள் அந்த விசாரணையில் தேறியதா என்பதுதான் கேள்வி. தேறவில்லை என்றால், பின்பக்கம் யார் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. இல்லாத உரிமையை எப்படி எழுதிக் கொடுக்க முடியும்?

தேறியிருந்தாலும் தாள் போதாது. நம்மூரில் பதிவாவது பத்திரம். அங்கே பதிவேடுதான் உரிமையே. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்.

இனி அந்த 1923 கதை. ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. ஆணையம் தள்ளிய சில அமெரிக்கர்களின் கோரிக்கைகள் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான நடுவர் மன்றத்துக்குப் போயின. அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான வழக்கு. அமெரிக்கக் குடிமக்களுக்காக அமெரிக்க அரசு வாதாடியது. தனியாள் மனுப் போட முடியாது. உங்கள் தாத்தாவோ பிரிட்டிஷ் இந்தியக் குடிமகன். அந்த மன்றம் எப்போதோ கலைந்துவிட்டது. அதில் என்ன கிடைத்தது என்பதையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். சிலருக்குப் பிரிட்டிஷ் பவுண்டுக் கணக்கில் கிடைத்தது உண்மை. ஆனால் பிஜியின் ரிங்கோல்ட் தீவுகளில் ஆறு தீவுகளைக் கோரிய அமெரிக்கர் ஐசக் பிரவர் வழக்கில் தீர்ப்பான தொகை பெயரளவுக்கு ஒரு ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு ஏறக்குறைய ஐம்பது வருடம்! இரண்டு வல்லரசுகள் ஒரு வழக்கை இப்படி ஊறப்போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இன்று பிஜியில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் பூர்வகுடிகளின் நிலம். அதை விற்கவே முடியாது, குத்தகைக்குத்தான் கிடைக்கும். தோட்டக்கூலி ஒப்பந்தக்காலம் முடிந்த நம்மவர்கள் பலரும் குத்தகை நிலத்தில்தான் கரும்பு போட்டார்கள். 'தாத்தாவுக்கு அங்கே நிலம் இருந்தது' என்று வீட்டில் பேசிக்கொள்வது அந்தக் குத்தகையாகவும் இருக்கலாம்.

சரி, மனசு கேட்கவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். பத்திரத்தை லேமினேட் செய்யாமல் இருபக்கமும் படம் எடுங்கள். நிலத்தின் பெயர், தீவு, வாங்கியவர் பெயர் மூன்றையும் குறித்து, பிஜித் தலைநகர் சுவாவிலுள்ள உரிமைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் பிஜி தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் நீங்களே எழுதுங்கள். ஆணைய விசாரணை அறிக்கைகள் காப்பகத்தில்தான் இருக்கின்றன. பதில் வரத் தாமதமானால் மறுபடி எழுதுங்கள்; அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் திரும்ப வருவார்.

அப்படியே தாத்தாவின் குடியேற்றச் சீட்டையும் கேளுங்கள். மதராஸிலிருந்து பிஜிக்கு முதல் கப்பல் போனது 1903-இல். ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு: கப்பல் பெயர், அப்பா பெயர், தாலுகா, கிராமம், உடம்பிலிருந்த தழும்பு வரை அதில் எழுதியிருப்பார்கள்.